உடம்பு இளைச்சாச்சு... தோல் தொங்குதே, டாக்டர்!

கத்தரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியான நேரம். அம்பத்தூரிலிருந்து ஓர் அம்மா தன் கணவருடன் வந்தார். வயது 44. அந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை போட்டிருந்தார். "நாடி பார்க்கணும், கையைக் கொடுங்கம்மா" என்றேன். தயங்கித் தயங்கித்தான் நீட்டினார்.

கணவர்தான் முதலில் பேசினார்: "102 கிலோ இருந்தா டாக்டர். ஒன்றரை வருஷத்துல 64-க்கு வந்துட்டா. சுகர் மாத்திரையைக்கூடப் பாதியா குறைச்சுட்டாங்க. சந்தோஷமா இருக்க வேண்டியதுதானே? கண்ணாடி முன்னால நின்னு அழறா!"

அந்த அம்மா மெல்லச் சொன்னார்: "குண்டா இருந்தப்போ உடம்பு உடம்பாவாவது இருந்துச்சு. இப்போ வயித்துல ஒரு பை தொங்குது. கையைத் தூக்கினா வௌவால் இறக்கை மாதிரி ஆடுது. தெருவுல பார்க்கிறவங்கல்லாம் 'என்னாச்சு, சுகரா? வேற ஏதாவது பெரிய வியாதியா?'ன்னு கேட்கறாங்க. பேசாம பழையபடி சாப்பிட்டு குண்டாயிடலாமான்னு தோணுது டாக்டர்."

கடைசியாகச் சொன்னாரே, அந்த வார்த்தைதான் என்னைத் திடுக்கிட வைத்தது. 38 கிலோவைக் குறைத்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த ஒருவர், தொங்கும் தோலுக்குப் பயந்து பழைய நோய்க்கே திரும்பிப் போக நினைக்கிறார். இப்படி நினைப்பவர் இவர் ஒருவர் மட்டுமல்ல. ஆவடி, பூந்தமல்லி பக்கமிருந்து வருகிறவர்களில் ஆண்களும் இதே கேள்வியோடு வருகிறார்கள். எடை குறைக்கும் வாராந்திர ஊசிகள் 2025-இல் நம் ஊர் மருந்துக்கடைகளுக்கும் வந்துவிட்டதால், இனி இந்தக் கேள்வி இன்னும் அதிகமாகத்தான் வரும். அதனால் விவரமாகவே பேசிவிடுவோம்.

தோல் ஏன் தொங்குகிறது?

பாவாடைக்குள் போடும் எலாஸ்டிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக இருக்கும்போது இழுத்துவிட்டால் சட்டென்று பழைய அளவுக்கு வந்துவிடும். அதையே பத்து வருடம் இழுத்த நிலையிலேயே வைத்திருந்தால்? விட்டபிறகும் தொளதொளவென்றுதான் கிடக்கும்.

நம் தோலிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. மேல்தோலுக்குக் கீழே உள்தோல் என்று ஒரு அடுக்கு இருக்கிறது. அதில் இரண்டு வகை இழைகள். ஒன்று கொலாஜன், இது தோலுக்கு உறுதி தருவது. இன்னொன்று எலாஸ்டின், இழுத்துவிட்டால் திரும்பச் சுருங்கும் சக்தியைத் தருவது. உடம்பில் கொழுப்பு சேரச் சேர, அதற்கு இடம் கொடுப்பதற்காகத் தோல் விரிகிறது. வருடக்கணக்கில் விரிந்தே இருந்தால் இந்த இழைகள் சேதமடைகின்றன. உள்ளே இருந்த கொழுப்பு கரைந்த பிறகு, வெளியே இருந்த தோல் மட்டும் மிச்சமாக நிற்கிறது.

எல்லாருக்கும் ஒரே அளவு தொங்குவதில்லை. எத்தனை கிலோ குறைந்தது, எத்தனை வருடம் குண்டாக இருந்தார், வயது என்ன, பிள்ளைப்பேறு எத்தனை, பீடி சிகரெட் பழக்கம் உண்டா, வெயிலில் வேலை செய்கிறவரா, பரம்பரைத் தோல்வாகு எப்படி... இத்தனையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. 25 வயதுப் பையனுக்கு 15 கிலோ குறைந்தால் பெரும்பாலும் தோல் தானே இறுகிவிடும். 50 வயதில் 40 கிலோ குறைத்தவருக்கு அப்படி இறுகாது. இது அவருடைய தப்பும் இல்லை, அவர் இளைத்த முறையில் ஏதோ குறை என்றும் அர்த்தமில்லை.

தோலா, கொழுப்பா?

தொங்குவதெல்லாம் தோல்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உட்கார்ந்தபடி தொங்கும் இடத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மெல்லிய துணி மாதிரி மடிந்து வந்தால் அது தோல். தடிப்பாக, விரல் நிறைய வந்தால் உள்ளே இன்னும் கொழுப்பு இருக்கிறது என்று பொருள். அப்படியானால் உங்கள் எடை இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கிய பிறகு அந்த இடம் மாறும்.

இன்னொரு எச்சரிக்கை. "என்ன, சுகரா?" என்று அக்கம்பக்கத்தார் கேட்பதில் ஒரு நியாயமும் உண்டு. நீங்கள் முயற்சி செய்து இளைத்திருந்தால் கவலையே இல்லை. ஆனால் எந்த முயற்சியும் செய்யாமல் ஆறு மாதத்தில் நான்கைந்து கிலோ தானாக இறங்கி, தோல் தொங்க ஆரம்பித்தால், அதைத் தோல் பிரச்னையாக நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருக்கக் கூடாது. சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய் இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பரிசோதிக்க வேண்டும்.

எண்ணெய் தடவினால் இறுகுமா?

என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். சித்த வைத்தியராக இருந்துகொண்டு உண்மையை மறைக்கக் கூடாது. வைத்தியம் ஆரம்பித்த புதிதில், ஓர் அம்மாவுக்கு நானே தைலம் எழுதிக்கொடுத்து, "ஆறு மாசத்துல இறுகிடும்" என்று சொல்லியிருக்கிறேன். அவரும் ஒருநாள் விடாமல் தேய்த்தார். இறுகவில்லை. "நான்தான் சரியா தேய்க்கலையோ டாக்டர்?" என்று அவர் கேட்டபோது எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

சித்த மருத்துவத்தில் புற மருந்துகள் 32 வகை. அதில் தொக்கணம் என்னும் மர்த்தனமும் உண்டு, பொடி திமிர்தலும் உண்டு. இவற்றால் உடல் வலி குறையும், தோல் வறட்சி போகும், உடம்பு லேசாக இருப்பதாகத் தெரியும். கொள்ளு மாவு தேய்த்துக் குளித்தால் எண்ணெய்ப் பிசுக்கு போய்த் தோல் சுத்தமாகும். இந்தப் பலன்கள் எல்லாம் உண்மை. ஆனால் 30, 40 கிலோ குறைந்து மடிப்பாகத் தொங்கும் தோலை, எந்தத் தைலமும், எந்தப் பொடியும், எந்த க்ரீமும் வெட்டி எடுத்தது போல் இறுக்கிவிடாது. "இறுக்கித் தருகிறோம்" என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

அதேபோல லேபிள் இல்லாத பொடியை நாட்டு மருந்துக்கடையில் வாங்கி உள்ளுக்குச் சாப்பிடுவதும் வேண்டாம். வெங்காரம் போன்ற சரக்குகளை யாரோ சொன்னார்கள் என்று வாங்கி விழுங்குவது உயிருக்கே ஆபத்து. சுத்தி முறையும் அளவும் தெரியாமல் கொடுத்தால் மருந்தே விஷம்.

அப்படியானால் என்னதான் வழி?

வழி இருக்கிறது. ஒன்றல்ல, நான்கு.

முதல் வழி, காலம். எடை ஒரு நிலைக்கு வந்த பிறகும் ஓரிரு வருடம் வரை தோல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். அதுவரை எடை ஏறி இறங்கி ஊஞ்சலாடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னும் இளைத்துக்கொண்டிருப்பவர்கள் வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்கு மேல் குறைக்க அவசரப்பட வேண்டாம். மெதுவாக இளைத்தால் தோல் தொங்கவே தொங்காது என்று உத்தரவாதம் தர முடியாது. ஆனால் பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைந்துவிடும். அப்போது தொளதொளப்பு இன்னும் அதிகமாகத் தெரியும்.

இரண்டாவது வழி, தசை. காலியான தலையணை உறைக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்தால் எப்படி நிமிர்கிறதோ, அப்படித்தான் தோலுக்கு அடியில் தசை வளர்வதும். குறிப்பாகக் கை, தொடை இரண்டிலும் வித்தியாசம் தெரியும். ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலையில் நடப்பவர்கள் நிறையப் பேர். நல்ல பழக்கம்தான். ஆனால் நடை மட்டும் போதாது. வாரத்துக்கு 150 நிமிட நடையோடு, குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஜிம்முக்குப் போக முடியவில்லையா? கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 முறை. சுவரில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளுவது 10 முறை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கு ஒன்றாகப் பிடித்து மடக்கி நீட்டுவது 10 முறை. இதை இரண்டு மூன்று சுற்று செய்யுங்கள். சுலபமாகிவிட்டால் இரண்டு லிட்டர் பாட்டிலுக்குப் போங்கள். இதய நோய், மூட்டுவலி, குடலிறக்கம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கவும்.

மூன்றாவது வழி, சாப்பாடு. இளைக்க நினைப்பவர்கள் சோற்றைக் குறைக்கிறார்கள், சரி. கூடவே பருப்பையும் முட்டையையும் குறைத்துவிடுகிறார்கள், அதுதான் தப்பு. தசைக்கும் தோலுக்கும் புரதம்தான் செங்கல். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு கிலோ எடைக்குத் தினம் சுமார் 0.83 கிராம் புரதம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்திருக்கிறது. 60 கிலோ உள்ளவருக்கு இது சுமார் 50 கிராம். இளைக்கும் காலத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6, 7 கிராம். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். சைவர்கள் கொள்ளு, பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், பொட்டுக்கடலை, தயிர் என்று மூன்று வேளைக்கும் பிரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். ரசத்தில் மிதக்கும் நாலு பருப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்! சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொல்லும் அளவோடு நிறுத்த வேண்டும்.

கொலாஜன் உருவாக வைட்டமின் சி அவசியம். அது கிடைக்காத கடலோடிகளுக்கு ஈறு வீங்கி, பழைய காயம்கூடத் திறந்துகொள்ளும். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர், நோயுற்ற 12 மாலுமிகளில் இரண்டு பேருக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணம் கண்டார். நமக்குப் பெரிய நெல்லிக்காய் இருக்கிறது, கொய்யா இருக்கிறது. தினம் ஒன்று போதும். குறைபாடு வராமல் காப்பதுதான் இதன் வேலை. பத்து நெல்லிக்காய் தின்றால் தோல் பத்து மடங்கு இறுகும் என்று நினைக்க வேண்டாம்.

இந்த மூன்றுக்கும் மேலே புகைப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். புகை, தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது, கொலாஜனையும் அழிக்கிறது.

நான்காவது வழி அறுவை சிகிச்சை. அதற்கு முன்பு, இன்றைக்கே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்.

மடிப்புக்குள் மறைந்திருக்கும் ஆபத்து

அந்த அம்பத்தூர் அம்மாவைப் படுக்க வைத்து, வயிற்று மடிப்பைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே முழுக்கச் சிவந்து, ஓரங்களில் தோல் உரிந்து, லேசாக நாற்றமும் இருந்தது. "எட்டு மாசமா இருக்கு டாக்டர். சொல்ல வெட்கம். மருந்துக்கடையில கேட்டு ஒரு ட்யூப் வாங்கிப் போடறேன். போட்டா அடங்குது, விட்டா வந்துடுது" என்றார்.

ட்யூபை வாங்கிப் பார்த்தேன். ஸ்டீராய்டு கலந்த களிம்பு. படைக்கு இதைப் போட்டால் முதல் இரண்டு நாள் அரிப்பு நின்றுவிடும். ஆனால் பூஞ்சை சாகாது, உள்ளுக்குள் பரவும். ஏற்கெனவே மெலிந்த தோல் இன்னும் மெலிந்து கிழியும். டாக்டர் சீட்டு இல்லாமல் இத்தகைய களிம்புகளை விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. ஆனாலும் நம் ஜனங்கள் கேட்டு வாங்குவது நிற்கவில்லை.

சென்னையின் புழுக்கத்தில் மடிப்பு என்பது மூடி வைத்த பாத்திரம். வியர்வை, உராய்வு, காற்றோட்டமின்மை மூன்றும் சேர்ந்தால் புண் வருவது நிச்சயம். சர்க்கரை இருந்தால் கேட்கவே வேண்டாம். இதைச் செய்யுங்கள்:

* தினம் இரண்டு வேளை மடிப்பைத் தூக்கிக் கழுவுங்கள். தேய்க்காமல், பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். ஃபேனுக்கு அடியில் ஐந்து நிமிடம் காற்றுப்படப் படுங்கள்.

* பழைய வேட்டித் துணியைத் துவைத்து வெயிலில் காயவைத்து, பட்டையாகக் கிழித்து மடிப்புக்குள் வையுங்கள். ஈரமானதும் மாற்றுங்கள்.

* மடிப்புக்குள் எண்ணெய் வேண்டாம். பவுடரைக் கொட்டி அப்பவும் வேண்டாம். வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி உறுத்தும்.

* பாவாடை நாடாவை மடிப்பின் மேலேயே இறுக்கிக் கட்டாதீர்கள். அகலமான பட்டி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்காக இடுப்பை உரசும் கட்டினால் அபூர்வமாகப் புற்றுநோயே வரலாம் என்பது பம்பாய் டாக்டர்கள் 1945-லேயே பதிவு செய்த விஷயம். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணை டாக்டரிடம் காட்டுங்கள்.

* பிள்ளை பெற்றவளுக்குப் பழைய புடவையால் வயிற்றுக்கட்டு போடுவது நம் வழக்கம். அதேபோல மெல்லிய பருத்தித் துணியால் தாங்கிக் கட்டிக்கொண்டால் நடக்கும்போது தோல் இழுப்பது குறையும். தோலை அது சுருக்காது. புண் ஆறிய பிறகே கட்ட வேண்டும்.

* சிவப்பு வேகமாகப் பரவி, சூடும் வலியும் காய்ச்சலும் வந்தால் அது சாதாரணப் படை அல்ல. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கை வைத்தியத்துக்கு அது நேரமில்லை.

சீமையகத்தி போன்ற மூலிகைகளில் படைக்குத் தரும் களிம்புகள் எங்களிடம் உண்டு. ஆனால் உரிந்து ரணமான இடத்தில் அவற்றைப் போடக் கூடாது. பார்த்துத்தான் தர வேண்டும்.

கத்தி எப்போது?

மடிப்பில் புண் திரும்பத் திரும்ப வருகிறது, நடக்க, குனிய முடியவில்லை, முதுகு வலிக்கிறது, அல்லது மனசு ஒடிந்துபோகிறது என்றால் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரைப் பார்ப்பதில் தவறே இல்லை. உபரித் தோலை நிஜமாகவே நீக்குவது அந்த அறுவை சிகிச்சை ஒன்றுதான். இதைச் சொல்வதால் சித்த மருத்துவத்துக்கு எந்தக் குறைவும் வந்துவிடாது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ் ஏறினால், அரும்பாக்கத்தில் எங்கள் இந்திய மருத்துவத்துக்கான அறிஞர் அண்ணா அரசு மருத்துவமனை. அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவு இருக்கிறது. இரண்டும் ஒரே சாலையில்தான் இருக்கின்றன. எது எங்கே கிடைக்குமோ, அதற்கு அங்கே போவதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் அவசரப்படாதீர்கள். எடை குறைந்தது ஆறு மாதமாவது ஒரே நிலையில் நிற்க வேண்டும். இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். சிகரெட்டைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் தையல் ஆறாது. இன்னும் பிள்ளை பெற்றுக்கொள்ள நினைப்பவர்கள் அதற்குப் பிறகு வயிற்றுக்குச் செய்துகொள்வது நல்லது.

இது சின்ன விஷயமல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை நீளமான தழும்பு இருக்கும். ரத்தக்கசிவு, நீர் கோத்தல், தையல் விடுதல், காலில் ரத்தம் உறைதல் போன்ற சிக்கல்கள் வரக்கூடும். சில வாரங்கள் குடம் தூக்க முடியாது, குழந்தையைத் தூக்க முடியாது. வீட்டில் உதவிக்கு ஆள் வேண்டும். அழகுக்காக என்றால் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் பணம் தராது. புண், தொற்று இருந்தால் அதற்கு வைத்தியம் பார்த்த சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறை வேறு. அது தோலை நீக்காது, சில சமயம் தொங்கலை அதிகமாக்கியும் விடும்.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

"கொலாஜன் பவுடர் குடிக்கலாமா?"
குடித்தால் அதுவும் வயிற்றில் மற்றப் புரதம் போலத்தான் செரிக்கும். மடிப்பாகத் தொங்கும் தோலை அது இறுக்கியதாக நிரூபணம் இல்லை. அந்தப் பணத்துக்கு முட்டையும் பயறும் வாங்குங்கள்.

"எடை குறைக்கும் ஊசி போட்டால் முகம் தொங்குமா?"
ஊசி நேராகத் தோலைக் கெடுப்பதில்லை. முகத்துக் கொழுப்பு வேகமாகக் கரைவதால்தான் ஒட்டிப்போகிறது. பசி குறைவதால் சாப்பாட்டையே விட்டுவிடாமல் புரதம் சாப்பிடுங்கள். தசைப் பயிற்சி செய்யுங்கள். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் அந்த ஊசி வேண்டவே வேண்டாம்.

"வீட்டுக்காரரே கிண்டல் செய்கிறாரே?"
அவரையும் ஒரு நாள் கூட்டிவாருங்கள். உங்கள் பழைய சர்க்கரை ரிப்போர்ட்டையும் புது ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்கிறேன்.

ஆடி மாதத்தில் அந்த அம்பத்தூர் அம்மா மறுபடி வந்தார். ஸ்டீராய்டு களிம்பை நிறுத்தி, தோல் டாக்டரிடம் அனுப்பி, பூஞ்சைக்கு முறையான மருந்து கொடுத்ததில் புண் ஆறியிருந்தது. கீழ்ப்பாக்கத்தில் போய் விசாரித்துவிட்டும் வந்திருந்தார். "பொண்ணு ப்ளஸ் டூ பரீட்சை முடியட்டும் டாக்டர், அப்புறம் பார்க்கலாம்" என்றார். எடை 65.

"தோல்?" என்று கேட்டேன்.

"அப்படியேதான் இருக்கு. ஆனா ரெண்டு மாடி நிக்காம ஏறறேன் டாக்டர்" என்றார். ரவிக்கையின் கை மட்டும் முழங்கைக்கு ஏறியிருந்தது. அன்றைக்கு நாடி பார்க்க அவரே கையை நீட்டினார்.